முழுக்கத் தமிழில் படித்துவிட்டு மருத்துவ பீடத்துக்கு வந்தவள்: மொழித் தடையை எப்படிக் கடப்பது?

வன்னி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வவுனியா மாவட்டத்தின் ஒரு கிராமத்துப் பாடசாலையில் முதலாம் தரத்திலிருந்து உயர்தரம் வரை தமிழிலேயே படித்தவள் நான். இப்போது கொழும்பில் மருத்துவம் முதலாம் ஆண்டு படிக்கிறேன். வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வெள்ளவத்தையில் வேறு இரண்டு பிள்ளைகளோடு ஓர் அறையில் தங்கி, தினமும் 154 ஆம் இலக்க பஸ்ஸில் போய் வருகிறேன்.

சென்ற வாரம் உடலமைப்பியலில் எங்களுக்கு வாய்மொழிப் பரீட்சை நடந்தது. பரீட்சகர் மேற்கையின் என்பான புயவென்பு ஒன்றை என் கையில் தந்து, அதன் பின்புறத்தில் சரிவாக ஓடும் பள்ளத்தை விரலால் தொட்டுக் காட்டி, இதனூடாக எந்த நரம்பு செல்கிறது, அந்த இடத்தில் என்பு முறிந்தால் நோயாளிக்கு என்ன நேரும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி எனக்கு விளங்கியது. விடையும் தெரியும். ரேடியல் நரம்பு, அது பழுதுபட்டால் மணிக்கட்டை நிமிர்த்த முடியாமல் கை தொங்கிப் போகும். இதை முதல் நாள் இரவு படித்துத்தான் போயிருந்தேன். ஆனால் மனதில் தமிழில் நின்ற வசனத்தை ஆங்கிலத்தில் கட்டுவதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நரம்பின் பெயரை மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அந்தப் பரீட்சையில் நான் சித்தியடையவில்லை.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து விரிவுரை மண்டபத்தில் உட்காரும்போதே நெஞ்சு படபடக்கிறது. பாடநூலின் ஒரு பக்கத்தைப் படிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் எழுதிப் படிக்கிறேன். அப்படிப் படித்தால் விளங்குகிறது, ஆனால் விரிவுரைகள் எனக்காகக் காத்திருப்பதில்லை.

இரண்டு விடயங்களை இங்குள்ள மூத்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். தமிழில் எழுதிப் படிக்கும் இந்த முறையைத் தொடரலாமா, அல்லது எவ்வளவு கடினமாக இருந்தாலும் அதை விட்டுவிட வேண்டுமா? அடுத்தது, மூன்றாம் ஆண்டில் வாட்டுக்குப் போகும்போது பெரும்பாலான நோயாளரிடம் சிங்களத்தில் பேச வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் இறங்குவதற்கும் கடையில் சாமான் வாங்குவதற்கும் மட்டுமே போதுமானது. அதற்கு இப்போதிருந்தே எப்படித் தயாராவது?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் மாவட்ட ஒதுக்கீட்டின் கீழ் தெரிவானவள். இந்த இடம் என்னைவிடக் கூடிய புள்ளி எடுத்த ஒருவருக்கு உரியதோ என்ற எண்ணம் இரவில் வந்து நித்திரையைக் கெடுக்கிறது.


இறுதியாண்டு மாணவன் எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிவை வாசித்தபோது ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய என்னையே பார்த்தது போல இருந்தது. நானும் தமிழ் மொழியில் படித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். நீங்கள் செய்வதைத்தான் முதல் இரண்டு மாதங்களும் செய்தேன். கையின் தசைகளை மட்டும் மொழிபெயர்த்து இருநூறு பக்கக் கொப்பி ஒன்றை நிரப்பினேன். அதே காலத்தில் வகுப்பு காலைக் கடந்து வயிற்றறைக்கு வந்துவிட்டது. அந்தக் கொப்பியை நான் பிறகு ஒரு தடவையாவது திறந்து பார்த்ததில்லை. ஆகவே வசனத்துக்கு வசனம் எழுதும் வேலையை இன்றே நிறுத்திவிடுங்கள்.

ஆனால் தமிழையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உயர்தர உயிரியலில் நாம் படித்தது வீணான படிப்பன்று. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான சிறுநீரகத்தி (நெப்ரோன்) எப்படி வேலை செய்கிறது, இதயவறை சுருங்கும்போது எந்த வால்வு மூடுகிறது என்பவை எல்லாம் நமக்குத் தமிழில் தெளிவாகத் தெரியும். உடற்றொழிலியலில் புதிய பாடம் ஒன்று தொடங்கும்போது, முதலில் பத்து நிமிடம் பழைய பாடசாலைக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். பிறகு ஆங்கில நூலில் படங்களையும் படத்தின் கீழுள்ள வரிகளையும் மட்டும் வாசியுங்கள். அதன் பின்னரே பாடத்துக்குள் போங்கள். தெரிந்த விடயத்தை ஆங்கிலத்தில் வாசிக்கும்போது மொழியை மட்டும் கற்றால் போதும். தெரியாத விடயத்தைத் தெரியாத மொழியில் வாசிக்க முனைவதால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போகிறது.

சொற்களுக்குள் எட்டிப் பார்க்கவும் பழகுங்கள். இதயத்தின் மேலறையை, நாம் சோணையறை என்று படித்ததை, இங்கே ஓரிக்கிள் என்று சொல்லக் கேட்டதும் நான் மிரண்டு போனேன். பிறகுதான் தெரிந்தது, அந்த இலத்தீன் சொல்லின் பொருள் சிறிய காது. நம் ஊரில் காதுச் சோணை என்கிறோமே, அதே சோணைதான். சிங்களத்தில் படித்த நண்பனிடம் கேட்டேன். அவர்களுடைய பாடநூலில் அது கர்ணிகாவ. அதிலும் காதுதான் இருக்கிறது. மூன்று மொழிக்காரரும் ஒரே காதைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கு, பாடத்தின்மீது இருந்த பயத்தில் பாதி எனக்குப் போய்விட்டது.

எல்லாவற்றிலும் முக்கியமானது குப்பி. உங்கள் பட்ச்சில் குப்பி நடக்கிறதா என்று விசாரியுங்கள். குப்பி விளக்கின் வெளிச்சத்தில் கூடியிருந்து படித்தவர்களிடமிருந்து வந்த பெயர் என்று எனக்கு மூத்தவர்கள் சொன்னார்கள். விளங்கிய ஒருவர் விளங்காத மற்றவர்களுக்குப் பரீட்சைக்கு முன்னர் சொல்லிக்கொடுப்பதுதான் அது. பெரும்பாலானவர்கள் கேட்பதற்கு மட்டுமே போவார்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்கப் போங்கள். சிறிய பகுதி ஒன்றை எடுத்து, அதை ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் விளக்குவதாகக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழிப் பரீட்சையில் தடுமாறுகிற வாய், நண்பர்களுக்கு முன்னால் பத்துத் தடவை தடுமாறிய பின்னர் தானாகத் திருந்தும். தனியாக அறையில் இருந்து மனதுக்குள் படித்துக்கொண்டிருந்தால் அது திருந்தாது.


உடலமைப்பியல் கற்பிப்பவர் எழுதியது:

மகளே, நான் பல ஆண்டுகளாக உடலமைப்பியல் கற்பிப்பவன்; வாய்மொழிப் பரீட்சையில் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன். எனக்கு முன்னர் எழுதிய தம்பியின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் உடன்பட முடியவில்லை.

உடற்றொழிலியலுக்குப் பாடசாலைக் குறிப்பு உதவலாம். உடலமைப்பியலுக்கு அது உதவாது. ஒரு தோள்மூட்டைச் சுற்றி இத்தனை தசைகள், ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் இடம், போய்ச் சேரும் இடம், அதை இயக்கும் நரம்பு என்று வரும்போது, தமிழுக்குப் போய்த் திரும்பி வருவதற்கு நேரம் இல்லை. பெயரை நேராகப் பொருளோடு ஒட்டுங்கள். என்பைக் கையில் எடுத்து, மேட்டையும் பள்ளத்தையும் தடவியபடி, அதன் பெயரை உரக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் தமிழும் வேண்டாம், ஆங்கில வசனமும் வேண்டாம். விரலும் பெயரும் மட்டும் போதும். குழந்தை மொழி கற்பதும் அப்படித்தான்.

தம்பி சொன்ன காது பற்றியும் ஒரு சிறு திருத்தம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சையில் நீங்கள் பிழையாகச் சொல்லிவிடுவீர்கள். பழைய நூல்களில் அந்த அறை முழுவதையும் ஓரிக்கிள் என்றார்கள். நமது பாடசாலைக் கலைச்சொல் அந்தக் காலத்துப் பெயரின் வழியில் வந்தது. இப்போது அறையின் பெயர் ஏட்ரியம். அதிலிருந்து காதுபோல மடிந்து நிற்கும் சிறு பையை மட்டுமே ஓரிக்கிள் என்கிறோம். ஏட்ரியம் என்பது உரோமர் வீட்டின் நடுவில் வானம் பார்த்திருந்த கூடம். நமது நாற்சார் வீட்டின் முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் எவரும் முதலில் அங்கேதான் வந்து சேர்வார்கள். உடலிலிருந்து திரும்பும் இரத்தமும் அவ்வாறே. பைசெப்ஸ் என்றால் இரு தலை, ட்ரைசெப்ஸ் என்றால் மூன்று தலை, லற்றிஸிமஸ் டோர்ஸை என்றால் முதுகில் மிக அகன்றது. ஸ்டேர்னோகிளைடோமாஸ்டொயிட் என்ற பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் மலைத்துப் போகிறார்கள். அந்தத் தசை மார்பென்பிலும் காறை என்பிலும் தொடங்கிக் காதின் பின்னாலுள்ள என்பு மேட்டில் முடிகிறது என்பதைத்தான் பெயரே ஒழுங்காகச் சொல்கிறது. இப்படியான இலத்தீன், கிரேக்கத் துண்டுகள் ஒரு நூற்றைம்பது வரை பழகிவிட்டால், நூலின் பெரும்பகுதி தானாகத் திறந்துகொள்ளும். இந்தத் துண்டுகள் ஆங்கில மொழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கும் புதியவைதான். இங்கே நீங்களும் அவர்களும் ஒரே கோட்டில் நின்றுதான் ஓடத் தொடங்குகிறீர்கள்.

இனி உங்கள் பரீட்சைக்கு வருகிறேன். நான் அந்த மேசையில் இருந்திருந்தால் உங்களிடமிருந்து அழகான வசனத்தை எதிர்பார்த்திருக்க மாட்டேன். நரம்பின் பெயரைச் சொன்னீர்கள். அதன் பிறகு உங்கள் கையை முன்னால் நீட்டி, மணிக்கட்டைத் தொங்கவிட்டுக் காட்டியிருந்தாலே போதும். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ரிஸ்ட் ட்ரொப். இரண்டே சொற்கள். நல்ல பரீட்சகர் அதன் பின்னர் கேட்கக்கூடிய கேள்வி இது: அந்தப் பள்ளத்தில் நரம்பு பழுதுபட்டாலும் முழங்கையை நீட்டும் ஆற்றல் பெரும்பாலும் தப்பிவிடுகிறதே, அது ஏன்? ட்ரைசெப்ஸ் தசைக்குரிய கிளைகளில் பெரும்பாலானவை பள்ளத்துக்கு மேலேயே பிரிந்து போய்விடுகின்றன என்பதே விடை. இதையும் நீங்கள் விரலால் என்பின்மீது வரைந்து காட்டிவிடலாம். குறுகிய வசனங்களில், உடலைக் காட்டிப் பேசப் பழகுங்கள். தெரிந்தவர் யார், மனப்பாடம் செய்தவர் யார் என்பதை நாங்கள் பெரும்பாலும் கையைப் பார்த்தே அறிந்துகொள்கிறோம்.


பொரளை வைத்தியர் எழுதியது:

மாவட்ட ஒதுக்கீடு பற்றி நீங்கள் எழுதிய வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது உள்ளே இருந்துகொண்டு மற்றவை எல்லாவற்றையும் கெடுக்கும். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. வவுனியா அந்தக் கடைசி வகைக்குள்ளும் வருகிறது. ஆய்வுகூடமோ போதிய ஆசிரியர்களோ இல்லாத பாடசாலையிலிருந்து நீங்கள் எடுத்த புள்ளியையும், கொழும்பில் பெரிய பாடசாலைக்கும் மாலையில் தனியார் வகுப்புக்கும் போன பிள்ளை எடுத்த புள்ளியையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. உள்ளே வந்த பின்னர் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே பரீட்சகர்கள். என் பட்ச்சில் யார் எந்த ஒதுக்கீட்டில் வந்தார்கள் என்பது இறுதியாண்டில் ஒருவருக்கும் ஞாபகத்தில் இருக்கவில்லை.

கொழும்பு மருத்துவக் கல்வியின் தொடக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னிக் கிராமங்களில் பறங்கிப்புண் (யோஸ்) என்னும் தொற்றுநோய் பரவி, சனங்கள் குறைந்து, ஊர்கள் காடாகிப் போயின. அதை ஆராய நியமிக்கப்பட்ட வைத்தியர் ஜேம்ஸ் லூஸ் கொடுத்த அறிக்கைதான், இந்நாட்டிலேயே வைத்தியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வழிவகுத்தது. 1870 ஜூன் 1 ஆம் திகதி கொழும்பில் மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது. கின்சி வீதியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் அதன் இரண்டாவது அதிபர் வைத்தியர் கொக் அவர்களின் நினைவாக 1881 இல் எழுப்பப்பட்டது. வன்னியின் நோய்க்காகத் தொடங்கிய படிப்பு இது. அந்த மண்ணிலிருந்து வந்த ஒரு பிள்ளை இதைப் படிக்கத் தனக்கு உரிமை இல்லையென்று நினைப்பது எனக்கு மனவருத்தத்தைத் தருகிறது. தமிழில் மருத்துவம் நிற்காது என்றும் எண்ண வேண்டாம். கொழும்புப் பாடசாலைக்கு 22 ஆண்டுகளுக்கு முன்னரே, 1848 இல், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். பின்னாளில் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் வெளியிட்டார். கண்ணும் காதும் கைகாலும் பற்றி அவருடைய மாணவர்கள் படித்தது நாம் பேசும் இந்த மொழியில்தான்.

இப்போது சிங்களத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு உதவும். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரிடம் நோய் வரலாறு கேட்கும்படி என்னை அனுப்பினார்கள். அவர் நெஞ்சில் கையை வைத்து, பப்புவ ஹிர வெனவா என்றார். எனக்கு அதற்கு முதல் வாரம் வேறொரு நோயாளியிடம் கேட்ட ஹிரி என்ற சொல்தான் காதில் இருந்தது. ஹிரி என்றால் விறைப்பு, மரத்துப் போதல். ஆகவே நெஞ்சு விறைக்கிறது என்று எழுதிக்கொண்டு போய் நிபுணரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னை அழைத்துக்கொண்டு கட்டிலடிக்கு வந்து, நோயாளியை மறுபடி சொல்லச் சொன்னார். அந்த மனிதர் தன் முஷ்டியை இறுகப் பொத்தி மார்பின் நடுவில் வைத்துக் காட்டினார். ஹிர என்றால் இறுக்கம், அடைப்பு. நெஞ்சு இறுகுகிறது, மாடிப்படி ஏறினால் வருகிறது, நின்றால் விடுகிறது என்பதைத்தான் அவர் அத்தனை நேரமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இதயத்துக்குப் போகும் இரத்தம் குறைவதால் வரும் நோவை எந்த நூலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லாது. ஓர் எழுத்தை நான் பிழையாகக் கேட்டதால் நோயே மாறிவிட்டது. அதிர்ஷ்டவசமாக நான் அப்போது மாணவன். பின்னால் ஒருவர் நின்று திருத்தினார்.

அன்று மாலையே ஒரு சிறிய கொப்பி வாங்கினேன். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, நோயாளி சொன்ன சொல்லை அப்படியே ஒரு நிரலிலும், அதற்குரிய மருத்துவச் சொல்லை நடுவிலும், நம் ஆட்கள் அதை எப்படிச் சொல்வார்கள் என்பதை மூன்றாவது நிரலிலும் எழுதத் தொடங்கினேன். தெவில்ல என்றால் எரிவு. கெக்கும என்றால் உளைவு. கரகெவில்ல என்றால் தலைச்சுற்று. ஹதிய என்றால் மூச்சு முட்டுதல். கொஹெத ரிதென்னே, எங்கே நோகிறது? ஹுஸ்ம கன்ன, மூச்சை எடுங்கள். நாளொன்றுக்கு மூன்று சொற்கள் போதும். மூன்றாம் ஆண்டு வரும்போது நீங்கள் சிங்களத்தில் கட்டுரை எழுத வேண்டியதில்லை. நோவு எங்கே, எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, எங்காவது பரவுகிறதா என்று கேட்கவும், வரும் பதிலைச் சரியாகக் காதில் வாங்கவும் தெரிந்தால் போதும். கேட்பது இலகு. பதிலை விளங்கிக்கொள்வதுதான் கடினம். ஆகவே கேள்விகளை மனப்பாடம் செய்வதைவிட, பதில்களைச் சேர்ப்பதில் அதிகக் கவனம் எடுங்கள். நோயாளியிடம், எனக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது, மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். என் அனுபவத்தில் எவரும் முகம் சுளித்ததில்லை. பல தாய்மார் தங்கள் நோவையும் மறந்து எனக்கு உச்சரிப்பைத் திருத்தித் தந்திருக்கிறார்கள்.

அந்தக் கொப்பியின் மூன்றாவது நிரல்தான் பிற்காலத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பு வாட்டுகளில் தமிழ் பேசும் நோயாளர் குறைவு என்று நினைக்காதீர்கள். கொட்டாஞ்சேனை, வாழைத்தோட்டம், மட்டக்குளி ஆகிய இடங்களிலிருந்தும், மலையகத்திலிருந்தும், வடக்குக் கிழக்கிலிருந்து மாற்றி அனுப்பப்பட்டும் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு முறை யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவரைத் தமிழ் தெரிந்த இளம் வைத்தியர் ஒருவரே பார்த்தார். பாட்டி, களைக்குது பிள்ளை என்றார். அவர் கொழும்பில் வளர்ந்தவர். களைப்பு என்றால் சோர்வுதானே என்று எண்ணி, உடற்சோர்வு என்று சீட்டில் எழுதிவிட்டார். நான் பாட்டியிடம், எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் அம்மா என்று கேட்டேன். மூன்று என்றார். இரவில் படுக்க முடியாமல் எழும்பி ஜன்னலடியில் இருப்பதாகவும் சொன்னார். அவருக்கு இருந்தது இதயச் செயலிழப்பால் வந்த மூச்சுத் திணறல். அவர் ஊரில் மூச்சு வாங்குவதையும் களைக்கிறது என்றுதான் சொல்வார்கள். இழுப்பை முட்டு என்பார்கள், வாந்தியைச் சத்தி என்பார்கள், சிறுநீரைச் சலம் என்பார்கள். தமிழ் தெரிந்தால் மட்டும் தமிழ் நோயாளியை விளங்கிக்கொள்ள முடியாது. அவருடைய ஊர்த் தமிழும் தெரிந்திருக்க வேண்டும். வன்னியில் வளர்ந்த உங்களுக்கு அதில் பெரும்பகுதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.


கொட்டாஞ்சேனை மாணவி எழுதியது:

வைத்தியர் ஐயா எழுதிய அந்த இளம் வைத்தியரின் நிலையில்தான் நானும் இருக்கிறேன். நான் கொழும்பில் ஆங்கில மொழியில் படித்தவள். இப்போது மூன்றாம் ஆண்டில் வாட்டுக்குப் போகிறேன். ஆங்கிலத்தில் நோய் வரலாற்றை ஒப்புவிப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. சிங்களமும் ஓரளவுக்குப் பேசுவேன். ஆனால் மட்டக்களப்பிலிருந்து வந்த ஓர் அம்மாவின் முன்னால் போன கிழமை நான் விழித்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்ன சொற்களில் பாதி எனக்குப் புரியவில்லை. என் தாய்மொழியில் ஒரு நோயாளி பேசும்போது எனக்கு விளங்காமல் போனது மிகவும் வெட்கமாக இருந்தது.

வன்னித் தங்கச்சி, உங்களுக்கு விருப்பமானால் நாம் ஒரு மாற்று ஏற்பாடு செய்யலாம். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் நீங்கள் நோயாளியாக இருந்து உங்கள் ஊர்த் தமிழில் வருத்தத்தைச் சொல்லுங்கள். நான் வரலாறு கேட்கிறேன். பிறகு அதே நோயை நீங்கள் ஆங்கிலத்தில் எனக்கு ஒப்புவியுங்கள், நான் பரீட்சகராக இருந்து கேட்கிறேன். இதை நான் உங்களுக்கு இரங்கிக் கேட்கவில்லை, எனக்கு உண்மையாகவே தேவையாக இருப்பதால்தான் கேட்கிறேன்.


வன்னி மாணவி எழுதியது:

அண்ணா, ஐயா, அக்கா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை இரண்டு தடவை வாசித்தேன், அம்மாவுக்கும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பறங்கிப்புண் பற்றிக் கேட்டதும், தன் பாட்டியார் அந்த வருத்தத்தைப் பற்றிச் சொன்னது தனக்கு ஞாபகம் என்று அம்மா சொன்னார். அது எந்தக் காலம் என்று அவருக்குத் தெரியவில்லை.

நேற்று மொழிபெயர்ப்புக் கொப்பியை மூடி வைத்துவிட்டு, ஐயா சொன்னபடி ஆரை என்பையும் புயவென்பையும் கையில் எடுத்துக்கொண்டு பெயர்களை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அறையில் இருந்த இருவரும் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் நான் சாதாரணமாக இரண்டு நாளில் படிக்கும் அளவு முடிந்தது. ஆனால் பிரேக்கியல் பிளெக்சஸ் வந்ததும் நின்றுவிட்டேன். கழுத்திலிருந்து கைக்குப் போகும் அந்த நரம்புப் பின்னலில் எது எங்கே சேர்கிறது, எது எங்கே பிரிகிறது என்பதை விரலால் தடவிப் பார்க்கவும் முடியவில்லை, படத்தைப் பார்த்தால் கண் குழம்புகிறது. இதற்கு வேறு வழி இருக்கிறதா? அடுத்த மாதம் மறுபரீட்சையில் இது கட்டாயம் வரும் என்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா, நான் சம்மதம். ஆனால் நான் பேசத் தொடங்கினால் நீங்கள் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் ஊரில் வருத்தக்காரர் வருத்தத்தைச் சொல்வதற்கு முன்னர் பக்கத்து வீட்டாரின் வருத்தத்தையும் சொல்லித்தான் தொடங்குவார்கள்.


உடலமைப்பியல் கற்பிப்பவர் எழுதியது:

அதைப் படத்தைப் பார்த்துப் படிக்க முடியாது, மகளே. வரைந்துதான் படிக்க வேண்டும். இடப்பக்கத்தில் ஐந்து வேர்களை எழுதுங்கள்: கழுத்தின் ஐந்தாம், ஆறாம், ஏழாம், எட்டாம் நரம்புகள், மார்பின் முதலாம் நரம்பு. மேல் இரண்டும் சேர்ந்து ஓர் அடிமரம், ஏழாவது தனியாக ஓர் அடிமரம், கீழ் இரண்டும் சேர்ந்து ஓர் அடிமரம். மூன்று அடிமரமும் ஒவ்வொன்றும் முன், பின் என இரண்டாகப் பிரியும். பின்னுக்குப் பிரிந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து பின் வடமாகும். முன்னுக்கு வந்தவற்றில் மேல் இரண்டும் சேர்ந்து பக்க வடம், கீழ் ஒன்று தனியாக உள் வடம். உங்களைப் பரீட்சையில் மாட்டிய ரேடியல் நரம்பு அந்தப் பின் வடத்திலிருந்துதான் வருகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் பின்னால் நிமிர்த்துவது அதன் வேலையாக இருப்பதற்கும் அதுவே காரணம். முதல் நாள் பார்த்து வரையுங்கள். மறுநாள் பார்க்காமல் வரைந்து, பிழைத்த இடத்தை மட்டும் சிவப்பால் திருத்துங்கள். ஒரு கிழமை கழிந்ததும் இரண்டு நிமிடத்துக்குள் வரைய வராவிட்டால் மீண்டும் இங்கே எழுதுங்கள்.


இறுதியாண்டு மாணவன் எழுதியது:

தங்கச்சி, எங்கள் குழுவுக்கு இதைச் சொல்லித் தந்த சீனியர் அண்ணா சீமெந்துத் தரையில் சோக்கால் பெரிதாக வரைந்து, ஒவ்வொருவரையும் ஒவ்வொரு நரம்பாக அதன்மேல் நடக்க வைத்தார். நான் சுண்டுவிரல் பக்கமாகப் போகும் அல்னர் நரம்பாக நடந்தேன், அதனால் அது இன்றுவரை மறக்கவில்லை. வருகிற சனிக்கிழமை பின்னேரம் உங்கள் பட்ச்சில் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள், அதே மாதிரி ஒரு குப்பி எடுக்கிறேன். கொட்டாஞ்சேனைத் தங்கச்சியையும் கூட்டி வாருங்கள். நேரத்தையும் இடத்தையும் தனிமடலில் அனுப்புகிறேன். முதல் ஐந்து நிமிடம் நீங்கள்தான் விளக்க வேண்டும், பின் வடத்திலிருந்து தொடங்குங்கள்.